பத்து ரூபாய் எடுப்புக் கக்கூஸ்

எடுப்புக் கக்கூஸை இந்த நாட்டில் சட்டம் போட்டு இரண்டு முறை ஒழித்திருக்கிறோம். 1993-இல் ஒரு தடவை. அது காகிதத்தோடு நின்றுபோனதால் 2013-இல் மறுபடியும். மனித மலத்தை மனிதர் கையால் அள்ளக் கூடாது, அள்ளச் சொன்னவருக்குச் சிறை. மதுரையில் இதற்கு மாற்றுக் கருத்துச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். கூட்டம் போட்டுப் பேசினால் நாமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். கூட்டம் முடிந்து வருகிற வழியில் மெடிக்கல் கடையில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு பாக்கெட் டயாபரும் வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு வருவோம்.

எடுப்புக் கக்கூஸுக்கு என்ன இலக்கணம்? மலம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகாது. இருந்தவர் எழுந்து போய்விடுவார். விடிந்ததும் வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். அவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. இவற்றில் எது டயாபருக்குப் பொருந்தவில்லை? பழைய கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருந்தது, இது குழந்தையின் இடுப்பில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். விலை ஒன்று பத்து ரூபாய்க்கு முன்னே பின்னே. நாளைக்கு நான்கு மாற்றினால் ஆண்டுக்கு 1,460.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு டயாபரை மறுநாள் காலையிலிருந்து பின்தொடர்ந்து பார்க்கலாம். இரவு கழற்றியதை உருட்டி, கேரி பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டு, சாம்பார்க் காய்த் தோலோடு வாளியில் வைக்கிறோம். மாநகராட்சியின் 100 வார்டுகளில் எந்த வார்டானாலும் காலையில் வண்டி வருகிறது. வண்டியோடு வருபவர் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்க வேண்டும். அது அவருடைய வேலை. முடிச்சுப் போட்ட பையைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்? பிரிக்கிறார். அங்கே இருப்பது மக்குவதா மக்காததா? உள்ளே மரக்கூழ், அது மக்கும். அதோடு கலந்த ஜெல் தூளும் மேலும் கீழும் இருக்கிற பிளாஸ்டிக் தாளும் மக்காது. நடுவில் இருப்பதை யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. கையுறை இருந்தால் கையுறையோடு, இல்லையென்றால் வெறுங்கையோடு அதை எடுத்துத் தனியே போடுகிறார். கடைசியில் அது போய்ச் சேரும் இடம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு. பக்கத்து அவனியாபுரத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் பொங்கலன்று நடக்கும் ஜல்லிக்கட்டால் தெரியும். அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் குப்பைக் கிடங்கின் வாடையைச் சொல்வார்கள்.

'பால் குடிக்கிற பிள்ளையோட ஆய்தானே, அதுல என்ன இருக்கு?' என்று ஒரு சமாதானம் வீட்டுக்கு வீடு உண்டு. அதில் எல்லாம் இருக்கிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அதிகம் தாக்குவதே குழந்தைகளைத்தான். ஆகவே அவர்களுடைய மலத்தில்தான் அவை மிகுதி. போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் அந்தத் தடுப்பூசி வைரஸ் வாரக்கணக்கில் வெளிவரும் என்பது மருத்துவப் பாடம். பெரியவர்கள் போவதைக் கழிப்பறையில் விட்டு ஃபிளஷ் செய்யும் அதே குடும்பம், அதைவிட ஆபத்தானதைக் கத்தரிக்காய்க் காம்போடு சேர்த்து வாசலில் வைக்கிறது. டயாபர் பாக்கெட்டுகள் பலவற்றில், 'உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பிறகு சுற்றிப் போடவும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைச் செய்கிற ஒரு வீட்டைக் காட்டுங்கள், நான் வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுபவர் யார் என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. சுகாதாரமற்ற கழிப்பிடம், அதன் கழிவு போய் விழும் திறந்த சாக்கடை அல்லது குழி, ரயில் தண்டவாளம், அரசு தனியாக அறிவிக்கும் பிற இடங்கள். இங்கெல்லாம், முழுக்க மக்கிப்போகாத மலத்தைக் கையாள்பவர். வாசலில் வைத்த பிளாஸ்டிக் வாளி இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே காலையில் நம் வீட்டு டயாபரைப் பிரித்தெடுப்பவர் சட்டத்தின் கண்ணில் மலம் அள்ளவில்லை, குப்பை அள்ளுகிறார். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளோ டயாபரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டன. வீட்டுக்காரர் அதைத் தனியாகச் சுற்றி, மக்காத குப்பையோடு தர வேண்டும் என்றன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பவர் பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது டயாபர் முழுவதையும் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில் செய்ய முடியுமா என்று ஆராய வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. 'ஆராய வேண்டும்' என்று ஒரு விதியில் எழுதினால் அதற்கு என்ன கதி என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்குக்குத் தடை. துணிபோலத் தோன்றுகிற, நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன் பையும் அதில் சேர்த்தி. காய்கறிக் கடைக்காரர் அந்தப் பையைக் கொடுத்தால் அபராதம். அதே நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன்தான் குழந்தையின் தோலில் படும் டயாபரின் மேல்தாள். அதற்குத் தடையும் இல்லை, மஞ்சப்பை இயக்கத்தில் அதைப் பற்றிய பேச்சும் இல்லை. 2025 செப்டம்பரில் டயாபருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பெற்றவர்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குவதற்குச் சலுகை கொடுத்தவர்கள், அதை அள்ளுபவருக்கு என்ன கொடுக்கலாம் என்று அதே கூட்டத்தில் பேசியிருக்கலாம்.

இந்த ஊர் இதையெல்லாம் அறியாத ஊர் அல்ல. 2015-இல் மதுரையில் மலக்குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சாவிலிருந்துதான் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுக்கப் புறப்பட்டார். 2017-இல் படம் வந்தபோது திரையிட விடாமல் தடுத்தார்கள். 2022 ஜனவரியில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கும் டயாபருக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் இன்னமும் ஓர் ஆளைத்தான் கூப்பிடுகிறோம், அந்த ஆள் பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்பிலிருந்துதான் வருகிறார் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்த டயாபர் தண்ணீரைக் குடித்து ஊதி, குழாயை எப்படி அடைக்கும் என்பதை வீட்டு பிளம்பரே சொல்வார்.

சரி, அப்படியென்றால் துணிக்கு மாறிவிடலாமா?

மாறலாம். ஆனால் துணிக்கு மாறச் சொல்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு டயாபர் கம்பெனிக்காரரே தேவலை என்று தோன்றுகிறது. டயாபர் கட்டினால் கால் வளைந்துவிடும் என்கிறார்கள். பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் கால் சற்று வளைந்துதான் இருக்கும். கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த வளைவு அது, இரண்டு வயதை ஒட்டித் தானே நிமிரும். கோவணம் கட்டியிருந்தாலும் நிமிரும், மாமிபோக்கோ டயாபர் போட்டிருந்தாலும் நிமிரும். ஆண் குழந்தைக்கு டயாபர் போட்டால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு சேதி சுற்றுகிறது. 2000-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆய்வு செய்தவர்கள், பிளாஸ்டிக் டயாபர் போட்ட ஆண் குழந்தைகளின் விதைப்பையில் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி வரை கூடுவதைக் கண்டார்கள். கண்டது அவ்வளவுதான். அதனால் மலட்டுத்தன்மை வந்ததாக யாரும் காட்டவில்லை. உள்ளே இருக்கும் ஜெல்லை விஷம் என்கிறார்கள். சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற அந்தத் தூள் மூத்திரத்தைத் தன் எடையைப் போலப் பல மடங்கு உறிஞ்சிப் பூட்டிவைக்கும். தோலை ஈரமில்லாமல் வைப்பதால் நாள்பட்ட ஈரத் துணியில் வருகிற புண் இதில் குறைவு. இதைச் சொல்லக் கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். பகுத்தறிவு என்றால் நமக்குப் பிடித்த முடிவுக்குச் சாதகமான பொய்யையும் சேர்த்துத்தான் தூக்கியெறிய வேண்டும்.

சுற்றுச்சூழல் கணக்கும் துணிக்கு மாறச் சொல்பவர்கள் நினைக்கிற மாதிரி நேர்க்கோடாக இல்லை. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக்குக் கரியமில உமிழ்வு, தூக்கியெறியும் டயாபரென்றால் 550 கிலோ; துணியென்றால் 570 கிலோ! துவைக்கிற இயந்திரத்தின் சுடுநீரும் உலர்த்துகிற இயந்திரத்தின் மின்சாரமும் துணியின் பெருமையைக் குடித்துவிட்டன. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அதையே அடுத்த குழந்தைக்கும் கட்டினால் உமிழ்வு நாற்பது சதவீதம் குறையும். 2023-இல் மறுபடி கணக்கெடுத்தபோது துணி கால் பங்கு குறைவாகவே உமிழ்ந்தது. ஆக, துணியில் புண்ணியம் எதுவும் நெய்யப்பட்டிருக்கவில்லை. எப்படித் துவைக்கிறோம், எதில் காயவைக்கிறோம் என்பதில்தான் விஷயம். அந்த விதத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சித்திரை வெயில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் செய்கிற வேலையைப் பிரிட்டனில் மின்சாரம் செலவழித்துச் செய்ய வேண்டும்.

அப்புறம், இப்போது 'துணி டயாபர்' என்று பூப்போட்ட படத்தோடு ஆன்லைனில் விற்பதைப் புரட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர். உள்ளே வைக்கும் திண்டு பல நேரம் மைக்ரோ ஃபைபர், அதுவும் பாலியஸ்டர். பிளாஸ்டிக்கை நூறு தடவை துவைத்துப் பயன்படுத்துகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இயற்கைக்குத் திரும்பினோம் என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து மூலைக்கு மூலை மடித்துக் கட்டியதற்கு இந்த விளம்பரம் எல்லாம் தேவைப்படவில்லை.

தாத்தாவின் வேட்டி என்றதும் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்துக்கே போகலாம். பிரசவம் நடந்த வீட்டில் தீட்டு. அந்தத் தீட்டுத் துணியையும் குழந்தைத் துணியையும் வீட்டுக்காரர் தொடமாட்டார். வண்ணார வீட்டம்மா பின்வாசல் வழியாக வந்து மூட்டை கட்டி எடுத்துப் போய், ஆற்றிலோ கண்மாயிலோ வெளுத்து, மாற்றுத் துணியோடு வந்து கொடுத்துவிட்டுப் போவார். கூலி என்று பணமாகப் பெரிதாக எதுவும் இல்லை. அந்தியில் வீடு வீடாகப் போய் வாங்கும் ஊர்ச்சோறு, அறுவடைக் காலத்தில் களத்து நெல் கொஞ்சம். அதற்கும் கீழே ஒரு படி உண்டு. தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார்கள் திருநெல்வேலிச் சீமையில் பகலில் வெளியே வரக் கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று வைத்திருந்தார்கள். 1932-இல் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை அம்பேத்கர் எடுத்து எழுதியிருக்கிறார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் 1994-இல் வந்தபோது, நம்மில் பலர் அந்த வாழ்க்கையை முதன்முதலாகக் கண்ணெடுத்துப் பார்த்தோம்.

இதுதான் நம் பாரம்பரியத் துணி டயாபரின் வரலாறு. துணி பருத்திதான், சந்தேகமில்லை. அதில் பிளாஸ்டிக் இல்லை, ரசாயனம் இல்லை. துவைத்தது யார் என்று கேட்டால் மட்டும் பாரம்பரியம் வாயைத் திறக்காது. அன்று வண்ணார வீட்டம்மா, இன்று குப்பை வண்டியோடு வருபவர். இடையில் மாறியது பொருள்தான். வேலையை யார் தலையில் கட்டுவது என்ற விதி மாறவில்லை. பெற்ற பிள்ளையின் மலத்தைத் தொடாமல் வாழ்வதற்கு ஒரு சமூகமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. அந்த ஏற்பாட்டை இப்போது கம்பெனிகள் பாக்கெட் போட்டு விற்கின்றன. பழைய ஏற்பாட்டில் சாதி தெரிந்தது, முறைத்துப் பார்த்தால் கூசியது. புதியதில் அது பில்லில் தெரிவதில்லை.

வண்ணார வீட்டம்மா வராத ஏழை வீடுகளில் யார் துவைத்தார்கள்? தெரிந்த பதில்தான். அதனால்தான் சிம்மக்கல் டீக்கடையில் ஒரு தோழர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு ஒட்டவில்லை.

"நாங்க டயாபரை நிறுத்திட்டோம் தோழர். முழுக்கத் துணிதான். பூமிக்கு நல்லதுல்ல."

"நல்ல காரியம் தோழர். துவைக்கிறது யாரு?"

"வீட்ல பாத்துக்கிறாங்க. அத்தையும் கூட இருக்காங்கள்ல."

அவர் சுயமரியாதைத் திருமணம் செய்தவர், நல்லவர், இரத்ததானம் என்றால் முதலில் நிற்பவர். பூமியைக் காப்பாற்றும் முடிவை அவர் எடுத்தார். அந்த முடிவின் பீத்துணியை இரண்டு பெண்கள் அலசுகிறார்கள். தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபடும் ஆண்கள் 97. ஆண்களில் அப்படி ஈடுபட்டவர்களே ஏறத்தாழ நாலில் ஒருவர்தான். பெண்களின் 299 நிமிடத்தின் மேல் இன்னும் ஐம்பது நிமிடத்தை ஏற்றிவிட்டு அதற்குச் சூழலியல் என்று பெயர் சூட்டினால், அதைச் சுரண்டல் என்று சொல்லப் பெரியார் வர வேண்டியதில்லை. அவர் வந்திருந்தால் இன்னும் கடுமையாகப் பேசியிருப்பார். பெண்ணைக் கட்டிப்போடுவதே பிள்ளைப்பேறுதான், வேண்டாமென்றால் அதையே விட்டுவிடு என்கிற அளவுக்கு 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் போனவர் அவர்.

காந்தியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் 1921-இல் மதுரை மேலமாசி வீதியில் வேட்டியைக் குறைத்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவில் அவர் வீட்டில் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. டர்பன் வீட்டில் தங்கியிருந்த, பஞ்சமர் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபாய் எடுத்துக் கொட்ட வேண்டும் என்றார். கஸ்தூரிபாய் அழுதுகொண்டே எடுத்தார். அழாமல், மகிழ்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று கத்தினார் கணவர். வீட்டை விட்டு வெளியே தள்ளவும் போனார். தன்னுடைய சுயசரிதையில் வெட்கப்பட்டு அவரே எழுதியது இது. அவர் தானும் சட்டி தூக்கியவர், அதை மறைக்கக் கூடாது. ஆனால் சாதியை ஒழிக்கும் உன்னதமான காரியம்கூட, மனைவி கையால் நடக்கும்போது என்ன ஆகிறது பாருங்கள்!

ஆகவே டயாபர் வாங்கும் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. செல்லூரில் ஒற்றை அறை வாடகை வீடு, பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். அவர் பெட்டிக்கடையில் தொங்கும் சரத்திலிருந்து ஒரே ஒரு டயாபரைக் கிழித்து வாங்குவார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு ஒன்று. ஊருக்குப் பஸ் ஏறுகிற நாளுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் பழைய நைட்டித் துணிதான். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு, டயாபர் என்பது பத்து நிமிடத் தூக்கம். இவர்களிடம் போய்ப் பூமித்தாயைப் பற்றி வகுப்பெடுப்பவர், இரண்டு கழிப்பறையும் வாஷிங் மெஷினும் வேலைக்கார அம்மாவும் உள்ள வீட்டிலிருந்து வந்திருப்பார். என் கேள்வி அந்த வீட்டுக்குத்தான். அதிலும் அந்த வீட்டு ஆணுக்கு.

அவர் செய்ய வேண்டியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குழந்தை போனதும் துணியைக் கழற்றி, திடமாக இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, ஹெல்த் பாசெட்டால் அங்கேயே அலச வேண்டும். தட்டிவிட்ட அந்த வேலையிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மலம் அது போக வேண்டிய குழாயில் போய்விட்டது, யாருடைய கைக்கும் போகவில்லை. பிறகு மூடிபோட்ட வாளியில் சேர்த்துவைத்து நாளுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். மதுரையின் புறநகரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, துணி விறைத்துப் போகும். நுரை வரவில்லையே என்று சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினால், அந்தத் தூள் துணியில் தங்கிக் குழந்தைக்குத் தடிப்பு வரும். அதையும் துணியின் குற்றமாக எழுதிவிடுவார்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மாநகராட்சித் தண்ணீரை எடுத்துவைக்கலாம். காயப்போடுவது மாடியில், நேர் வெயிலில். பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பாட்டி சொல்வார். பறவை மேலே பறந்தால் பட்சி தோஷமாம், குழந்தைக்குச் சீர் தட்டுமாம். அந்தியில் எடுப்பதில் தவறில்லை, அதற்குமேல் பனி இறங்கித் துணி நமுத்துப்போகும். பறவை பாவம், கூட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தோனேசியாவில் இதே மாதிரி ஒரு நம்பிக்கை ஓர் ஆற்றையே கெடுத்திருக்கிறது. கிழக்கு ஜாவாவில், குழந்தையின் டயாபரை எரித்தால் குழந்தையின் பிட்டத்தில் புண் வருமென்று நம்புகிறார்கள். குப்பையில் போட்டால் யாராவது எரித்துவிடுவார்களே என்று பயந்து, பிராந்தாஸ் ஆற்றுப் பாலத்தில் நின்று ஆற்றில் வீசுகிறார்கள். எக்கோட்டன் என்ற அமைப்பு ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறது. நம் வைகையில் வீசுவதற்கு அப்படி ஒரு நம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை, பாலம் இருந்தால் போதும்.

பாட்டி சொன்னதில் பட்சி தோஷத்தைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளத் தக்கதும் ஒன்று உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் இடையில் குழந்தையை உட்காரவைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார்கள். தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும் என்று நேரம் பார்த்து வைத்தால் ஆறேழு மாதத்துக் குழந்தைகூடப் பழகிவிடும். இது மந்திரமில்லை, கவனித்துப் பார்ப்பது. 1950-களில் அமெரிக்காவிலும் இரண்டு வயதுக்குள் குழந்தைகளைக் கழிப்பறைக்குப் பழக்கிவிடுவார்கள். பிரேசல்டன் என்ற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் 1962-இல், அவசரப்படுத்தாதீர்கள், குழந்தை தானே தயாராகட்டும் என்று எழுதினார். அது அக்கறையோடு எழுதியதுதான். ஆனால் 1998-இல் அதே மருத்துவர் பாம்பர்ஸ் விளம்பரத்தில், வளர்ந்த குழந்தைகளுக்கான பெரிய அளவு டயாபருக்காகத் தோன்றினார். இப்போது அங்கே மூன்று வயதுப் பிள்ளை டயாபரோடு நடப்பது சாதாரணம். விஞ்ஞானம் சொல்வதைக் கேட்க வேண்டும்தான். யார் செலவில் அதைச் சொல்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதும் பகுத்தறிவில் சேர்ந்ததே.

கம்பெனிகளை விட்டுவிட்டு அப்பாக்களை மட்டும் அடிக்கிறாயே என்று கேட்கலாம். கம்பெனிகளுக்குச் சரியான பதிலைப் புனேயின் குப்பை சேகரிக்கும் பெண்கள் கொடுத்தார்கள். 2013-இல் ஸ்வாச் கூட்டுறவு அமைப்பைச் சேர்ந்தவர்கள், பயன்படுத்திய நாப்கின்களைச் சேர்த்து, தயாரித்த பெரிய கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பிவைத்தார்கள். 'உங்கள் பொருள்தானே, நீங்களே பிரித்துப் பாருங்கள்' என்பதுதான் அதன் பொருள். மதுரையில் வார்டுக்கு ஒரு மூட்டை டயாபர் அப்படிக் கிளம்பினால், விதியில் சொன்ன அந்தச் சுற்றும் உறை அடுத்த மாதமே பாக்கெட்டுக்குள் வந்துவிடும். அதுவரை இரவுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று டயாபர் பயன்படுத்துபவர்கள், உள்ளே இருப்பதைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, பழைய பேப்பரில் சுற்றி, பேனாவால் மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுக்கலாம். பேப்பரும் பேனாவும் இல்லாத வீடு மதுரையில் எதுவும் கிடையாது.

'அருவருப்பா இருக்கும் தோழர், என்ன சொன்னாலும்' என்றார் அந்த டீக்கடைத் தோழர். உண்மைதான், அருவருப்பு இயல்பானது. அதை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவில் சிலர் ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். தாய்மார்களை உட்காரவைத்து, தங்கள் குழந்தையின் டயாபரையும் அடுத்தவர் குழந்தையின் டயாபரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். எது யாருடையது என்று சொல்லாமல் கொடுத்தபோதும், தன் குழந்தையுடையது குறைவாகவே அருவருத்தது. உடம்பே அப்படி ஏற்பாடு செய்திருக்கிறது: ஒரு குழந்தையின் மலம் மிகக் குறைவாக நாறுவது அதை வளர்ப்பவருக்கு, மிக அதிகமாக நாறுவது முன்பின் தெரியாத ஒருவருக்கு. நாம் அதை உருட்டிக் கட்டி, தேடிப் பிடித்து, அந்த முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறோம்.

இதைத் தோழரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஆய்வுல அப்பாமாருக்கு எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டார். அப்பாக்களை ஆய்வுக்கு யாரும் கூப்பிடவில்லை.